வீட்டுக்குள் வராத அழுகை

அந்த வருஷம் என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் செபமாலையை முடித்துவிட்டு எழுந்திருக்கிறேன், அடுப்படிக்குப் பின்னால் அவளும் அவள் கூடப் படிக்கிற பிள்ளையும் குசுகுசுவென்று பேசுகிறார்கள்.

"முட்டிய மடக்கித்தான் உள்ள உக்கார வைக்கணும்ட்டி."

"மூடிய எப்ப போட?"

"எல்லாரும் அழுது முடிச்ச பெறவு."

எனக்குத் திக்கென்றது. "ஏட்டி, யாரை மடக்குதிய?" என்று போய் நின்றேன்.

"செத்தவியளத்தாம்மா," என்றாள் மகள்.

சரித்திர டீச்சர் சொல்லிக்கொடுத்ததாம். ஆதிகாலத்தில் நம் பக்கத்தில் இறந்தவர்களைப் பெரிய பானைக்குள் வைத்துப் புதைத்தார்களாம். தாழி என்று பெயராம். அதைப் பிள்ளைகளே ரேடியோ நாடகம் மாதிரி டேப் ரிக்கார்டரில் பிடித்து, பள்ளிக்கூடப் பொருட்காட்சியில் போட வேண்டுமாம். இவள் பங்குக்கு வந்தது அடக்கம்.

"ஒப்பாரி வேணும்மா. நீ நல்லா வைப்பியாம்லா. டீச்சர்ட்ட டேப்ப வாங்கிட்டு வாரேன், வீட்லயே பிடிச்சிருவோம்."

"அந்தச் செத்தவிய என்ன வேதமாம்? நம்ம வேதமா?"

"அப்ப வேதமே வரலம்மா."

சிலுவை போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிக்கொண்டு லாரியில் வடக்கே போயிருந்தார். ஒரு தகவலும் இல்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் சாவைக் கூப்பிட்டது மாதிரி. அதிலும் இது அழுது ஓய்கிற அழுகையா? பட்டனை அமுக்கும்போதெல்லாம் அழும். ராஜா, சண்டை என்று பாடம் நடத்தாமல் இந்த டீச்சருக்குப் பிணத்தின் மேல் என்ன ஆசை? வேறு ஏதோ உள்நோக்கம் என்றே என் மனசு சொன்னது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சின்ன வயசு டீச்சர். நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"ஒப்பாரிதான வேணும்? உங்க வீட்ல வச்சு அழுது பிடிச்சுக்கிட வேண்டியதுதான டீச்சர்?"

"ஐயோ, எங்கம்மை விடுவாவளா? வெளக்குமாத்த எடுத்துருவாவ," என்று சிரித்தார்.

"அப்ப தெரிஞ்சேதான் எங்க வீட்டுக்கு அனுப்புனியளா?"

டீச்சர் சிரிப்பு நின்றுபோனது. "தப்புதாங்க்கா. ஒப்பாரி இல்லாமயே செய்யச் சொல்லுதேன்," என்றார். பக்கத்தில் மகள் நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படித் திரும்பி வர?

"கல்லறைத் திருநா வருதுல்லா. அன்னைக்கு எப்படியும் என்னப் பெத்த ஐயா கல்லறையில அழுவேன். அங்கன வந்து பிடிச்சுக்கிடட்டும். ஆனா அந்த டேப்புப் பெட்டி என் வீட்டு வாசப்படி ஏறக்கூடாது."

கல்லறைத் திருநாளன்று ஐயா தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு உட்கார்ந்தால் அழுகை வரவில்லை. கண் அந்தப் பெட்டியையே பார்க்கிறது. "அழும்மா, நாடா ஓடுது," என்கிறாள் மகள். "சும்மா கெடட்டி, சொல்லியா அழுகை வரும்?" என்றேன். பிறகு பக்கத்துக் காட்டில் விதைப்பு நடப்பது தெரிந்தது.

"விதப்பு மழ பேஞ்சிருக்கே, எங்க ஐயா,
விதப்பொட்டி எடுக்க வரலியே..."

எவ்வளவு நேரம் அழுதேனோ.

பொருட்காட்சியில் நடுவில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் குலுதாடிப் பானை ஒன்றைத் தாழி மாதிரி வைத்து, அதற்குள் ரிக்கார்டரை ஒளித்திருந்தார்கள். பிள்ளைகள் குரல் முடிந்ததும் என் குரல் பானைக்குள்ளிருந்து வந்தது. வந்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஐயாவுக்கு வைத்த அழுகையை தாழிக்குள் போன ஊர் பேர் தெரியாத யாருக்கோ கொடுத்துவிட்டேனே என்று இருந்தது. ஞானஸ்நானம் இல்லாத ஆத்துமாவுக்குச் செபம் சொல்லலாமோ கூடாதோ, நின்ற இடத்திலேயே அவர்களுக்கும் சேர்த்து ஒரு செபம் சொன்னேன்.

கேசட்டைப் பள்ளிக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்பினேன்.

அடுத்த வாரம் வீட்டுக்காரர் நல்லபடியாக வந்து சேர்ந்தார். அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து மகள் என் காதில் சொன்னாள்: "பாத்தியாம்மா, ஒண்ணும் ஆகல."

"வீட்டுக்குள்ள அழாததுனாலதான்ட்டி ஒண்ணும் ஆகல," என்றேன்.