மார்கழியிலும் சாப்பிட்ட பாம்பு

எதையும் நான் எளிதில் நம்பிவிடுவதில்லை. பால் பாக்கெட்டை அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவேன். ஆட்டோக்காரர் சொல்லும் குறுக்குவழியைப் போனில் சரிபார்ப்பேன். என் கணவர் ஒருவரை மட்டும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கி வைத்திருந்தேன். போன மார்கழியில் அவரையும் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. காரணம், எலிகள்.

சென்னீர்குப்பத்தில் எங்கள் ஃப்ளாட்டின் பின்பக்க பால்கனியில், துணி காயும் கொடிக்குக் கீழே, பிளாஸ்டிக் பெட்டிகளில் வெள்ளை எலிகள் வளர்த்தோம். அவருடைய மலைப்பாம்புக்குத் தீனி. வெளிநாட்டு வகைக் குட்டை மலைப்பாம்பு அது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். முறைப்படி பதிவு செய்துதான் வைத்திருந்தார். பாம்பு அவருக்கு, எலி எனக்கு என்று வேலை தானாகப் பிரிந்தது. நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். ஒரு மீட்டிங் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மரத்தூளை மாற்றுவேன், கோதுமையும் நாய் பிஸ்கட்டும் போடுவேன், சினை எலியைத் தனிப் பெட்டிக்கு மாற்றுவேன். வாடைக்கு ஊதுபத்தி. எதிர்வீட்டு அம்மா மூக்கைச் சுளித்துக் கேட்டபோது ‘ஹாம்ஸ்டர்’ என்று, குழந்தைகள் கொஞ்சி வளர்க்கும் வெளிநாட்டுப் பிராணியின் பெயரைச் சொல்லிவைத்தேன். எலி என்றால் அசோசியேஷனே திரண்டு வந்திருக்கும். ஹாம்ஸ்டர் என்றதும் பேத்தியை அழைத்து வரட்டுமா என்று கேட்டார்.

எங்கள் பெண் தவழ ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது. ஒருநாள் பாம்பின் கண்ணாடித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன்.

“பாம்பா, பாப்பாவா? முடிவு பண்ணிக்கோங்க” என்றேன்.

அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கரையான்சாவடியில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் நண்பரிடம் தொட்டியோடு கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு ஞாயிறுதோறும், ஓட்டை போட்ட பிஸ்கட் டப்பாவில் ஓர் எலியைப் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்புவார். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்.

ஆரம்பத்தில் வந்ததும் வராததுமாக முழுக் கதையும் சொல்வார். எப்படிப் பாய்ந்தது, எப்படிச் சுற்றியது, விழுங்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று, சாம்பார் ஆறிப்போகும்வரை. தீபாவளிக்குப் பிறகு அது நின்றுபோனது. “சாப்பிட்டுச்சா?” என்றால் “ம்” என்பார். அவ்வளவுதான்.

முன்பெல்லாம் எலியை அவர்தான் பொறுக்குவார். பாம்பின் உடம்பு எவ்வளவு தடிமனோ அதற்கேற்ற எலி. பாலூட்டும் எலியைத் தொடவே மாட்டார். இப்போது பெட்டிக்குள் கையை விட்டு எது அகப்படுகிறதோ அதை எடுத்துப் போனார். ஒரு தடவை குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்த தாயையே தூக்கப் பார்த்தார். நான் கத்திய பிறகுதான் வேறு எலியை எடுத்தார்.

சந்தேகம் உறுதியானது மார்கழியில். எங்கள் பாம்பு குளிர்காலத்தில் சாப்பிடாது. இரண்டு மார்கழி நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். எலியை மூக்குக்கு நேரே காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எலி வந்த டப்பாவிலேயே திரும்பப் பெட்டிக்குப் போய்விடும். இந்தத் தடவை பனி கொட்டும் ஞாயிறுகளிலும் எலி போனது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. திடீரென்று அந்தப் பாம்புக்கு எங்கிருந்து வந்தது அத்தனை பசி?

பிறகு எனக்குத் தூக்கம் ஏது? எலியை விற்கிறாரா? திருட்டுத்தனமாக நாட்டுப் பாம்பு ஏதாவது பிடித்து வைத்திருக்கிறாரா, போலீஸ் வீட்டுக்கு வருமா? இல்லை, எலி ஒரு சாக்கு, போவது வேறு வீட்டுக்கா? ஞாயிறு மதியம் அவர் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எலி வாடைதான் அடித்தது. சென்ட் வாசனை வந்திருந்தால்கூட ஒரு தெளிவு கிடைத்திருக்கும். அவர் சிரித்தாலும் சந்தேகம், சும்மா இருந்தாலும் சந்தேகம். இப்படியே போனால் இந்த மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று நிஜமாகவே பயந்தேன்.

பொங்கல் முடிந்த வாரம், அவர் ஆபீஸ் போனதும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

கடை வாசலில் என்னைப் பார்த்ததும் நண்பர் கையிலிருந்த மீன் வலையைக் கீழே போட்டுவிட்டார்.

“வா அண்ணி. இன்னா திடீர்னு? அண்ணாத்தே வர்லியா?”

“பாம்பைப் பார்க்கணும்.”

“இப்போ வேணாம் அண்ணி. தோல் உரிக்கிற நேரம், கண்ணுலாம் மங்கிப் போய்க் கீது. கிட்ட போனா சீறும்.”

“தூர நின்னு பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அவர் குறுக்கே வருவதற்குள் பின்னறைக்குப் போய்விட்டேன்.

எங்கள் கண்ணாடித் தொட்டி அங்கேதான் இருந்தது. உள்ளே பாம்பு இல்லை. எலிகள். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டிலிருந்து போனவையும் அவை போட்ட குட்டிகளும். பாம்பு தண்ணீர் குடித்த கிண்ணத்துக்குள் இரண்டு படுத்துத் தூங்கின. குழந்தை கைதட்டினாள்.

“என்னியத் திட்டு அண்ணி, என் தப்புதான்” என்றார் நண்பர். “தீபாவளி டைம்ல ஒரு வாரம் அண்ணாத்தேக்கு ஆபீஸ் வேலை. எலிய என்கிட்ட குடுத்துட்டுப் போய்ட்டாரு. நானும் தொட்டில உட்டுட்டு, கடைய மூடிகினு ஊட்டுக்குப் போய்ட்டேன். காலைல வந்து பாத்தா அது சுருண்டு படுத்துகினு கீது, எலி அதோட முதுகக் கொறிச்சி வெச்சிருக்கு. டாக்டராண்ட தூக்கினு ஓடினோம். நாலு நாள்கூடத் தாங்கல.”

மீன் வளர்ப்பவருக்கு அதுதான் பழக்கம். தீனியைத் தூவுவார், விளக்கை அணைப்பார், போய்விடுவார். பசியில்லாத பாம்போடு உயிருள்ள எலியைத் தனியே விடக்கூடாது. எலிக்குப் பசித்தால் பாம்பையே தின்னும். எங்கள் வீட்டில் பாம்பு வாயை வைக்காவிட்டால் அரைமணி நேரத்தில் எலியை வெளியே எடுத்துவிடுவோம். அதை நண்பருக்குச் சொல்லிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

“அப்புறம் எதுக்கு வாராவாரம் எலி?”

“உனக்குத் தெரியக் கூடாதுன்னு கொண்ணாந்து உட்டுட்டுப் போறாரு. கொல்லவும் மன்சு வர்ல அவருக்கு. கொஞ்ச நேரம் இங்கியே குந்திகினு இருந்துட்டு எய்ந்து போவாரு.”

சாயங்காலம் அவர் வந்து ஷூவைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

“கரையான்சாவடி போயிருந்தேன்.”

ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இத்தனை நாளா என்கிட்ட நடிச்சிருக்கீங்க. நான் என்னென்னமோ நினைச்சேன். வேற பொம்பளையோன்னுகூட நினைச்சேன்.” சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. “செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா உங்களைக் கடிச்சா தின்னிருப்பேன்?”

“உனக்குப் பயந்து இல்ல” என்றார். “சொல்ல வாயைத் திறந்தா, உன்னாலதான் செத்துச்சுன்னும் சேர்ந்து வந்துடுமோன்னு பயம். நீ பாப்பாவுக்காகச் சொன்ன. நியாயம்தான். அது தெரிஞ்சும் மனசுக்குள்ள அந்த நினைப்பு ஓடிக்கிட்டே இருந்துச்சு.”

“இப்பவும் ஓடுதா?”

குழந்தை அவர் முழங்காலைப் பிடித்து ஏறப் பார்த்தாள். தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த நாளே மறுபடி சட்டையை முகர ஆரம்பித்திருப்பேன்.

“கொஞ்சம்” என்றார்.

வலித்தது. ஆனால் தீபாவளியிலிருந்து அவர் சொன்னவற்றில் அந்த ஒன்றைத்தான் நான் கேட்டவுடனே நம்பினேன்.