உப்பை விட்ட தவக்காலம்

சூசைமேரி பிடிவாதக்காரி. சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்டில் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கெஞ்சியும் மல்லுக்கட்டியும், சக்கரங்களைப் பழுக்கக் காய்ச்சும் ஃபர்னஸ் வரை வந்துவிட்டாள். அங்கே மற்ற எல்லோரும் ஆண்கள். ஈஸ்டருக்குப் பிறகு ஃபர்னஸில் ஒருவரைப் பெர்மனன்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும், அது தனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

சாமியிடம் சும்மா கேட்கலாமா? தவக்காலத்தில் ஒருவர் கறியை விடுவார், ஒருவர் சீரியலை விடுவார். இவளுக்கு அதெல்லாம் ஒறுத்தலாகவே தெரியவில்லை. சாம்பல் புதனன்று உப்பையே விட்டாள். களியிலும் உப்பில்லை, குழம்பிலும் உப்பில்லை. "மாட்டுக்கே தண்ணியில உப்பு போடுவாங்கடி" என்று புருஷன் பாக்கியராஜ் தலையில் அடித்துக்கொண்டான். இவள் கேட்கிற ஆளா?

வெளியே மார்ச் வெயில், உள்ளே ஃபர்னஸின் அனல். வேர்த்து ஊற்ற ஊற்ற, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். ஒருநாள் சக்கரங்கள் அடுக்கிய தட்டை ஃபர்னஸிலிருந்து இழுக்கும்போது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. அடுத்து வயிறு. அலறிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் பூபதிக்கு இது போதாதா? "நான் அப்பவே சொன்னன். ஃபர்னஸு பொம்பளைக்கு ஆவாது. நாளையிலேந்து பேக்கிங்குக்குப் போம்மா" என்றார். வலியைவிட அந்தச் சொல்தான் அவளைச் சுட்டது.

கம்பெனி நர்ஸ் சத்யப்ரியா விசாரித்தபோது உப்பு விஷயம் வெளியே வந்தது. நர்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"ஃபர்னஸ்ல சூடு ஏறுனா கன்ட்ரோலர் கட் பண்ணுது, எறங்குனா ஆன் பண்ணுது, ஒரே அளவுல வைக்குதுல்லக்கா? ஒடம்பும் அப்படித்தான். சூடு ஏறுனா வேர்வை விட்டு தோலு குளுர வைக்கும். அதோட உப்பும் போயிடும். நீங்க வெறும் தண்ணியா ஊத்துனா, ரத்தத்துல மிச்சமிருக்கற உப்பும் நீர்த்துப்போவும். நரம்பு தசைக்குச் சேதி அனுப்பறதே உப்பை வெச்சுத்தான். சேதி கோளாறானா தசை இழுத்துக்கும். இருக்கற உப்பை வெளிய விடாம கிட்னி புடிச்சுதான் பாக்கும். நீங்க வாயில போடலன்னா அது எங்கக்கா போயி வாங்கும்?"

"அப்ப நான் பொம்பளைங்கறதால இல்லியே?"

"தசைக்கு அதெல்லாம் தெரியாதுக்கா."

அது போதும் அவளுக்கு. அன்று கோயிலில் முழங்காலிட்டாள். "உப்பை விடறன்னு நான்தான் சொன்னன் ஏசுவே, என் ஒடம்பு சொல்லல. நீர் படைச்சதோட சண்டை போட்டது தப்பு. பதிலுக்கு டீயை விடறன்." டீ இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது. சாமியை ஏமாற்ற அவளுக்கு மனமில்லை.

உடம்பு தேறியதும் நேரே பூபதியிடம் போனாள். "ஒரு வாரம் பாருங்க சார். மறுபடி விழுந்தா நானே பேக்கிங்குக்குப் போயிடறன்." பூபதி அரைமனதாகத் தலையாட்டினார்.

உப்புப் போட்ட மோரைக் கேனில் கொண்டுவந்து ஃபர்னஸுக்குத் தள்ளி வைத்தாள். கூட வேலை செய்யும் கன்னடக்காரரும் தெலுங்குக்காரரும் என்ன அது என்றார்கள். "உப்பு" என்றாள். மூன்று பாஷைக்கும் அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அவர்களும் டம்ளரை நீட்டினார்கள். வேர்த்துக் கொட்டினாலும் அவள் தட்டை இழுத்தாள், விழவில்லை.

வாரக் கடைசியில் பூபதி ஒரு காலை இழுத்துக்கொண்டு கேன் பக்கம் வந்து நின்றார். கையில் டம்ளர்.

"எப்பலேந்து சார் இழுக்குது?"

"வருசக்கணக்கா. இங்க எல்லாருக்குந்தான். யாரும் வெளிய சொல்லிக்கறதில்ல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் விளிம்பு வரை ஊற்றினாள். "குடிங்க சார். குடிச்சிட்டு, ஃபர்னஸு யாருக்கு ஆவாதுன்னு மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

பூபதி ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினார்.

"பெர்மனன்ட்டுக்கு உன் பேரைத்தான் சொல்லப்போறன். இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."