ஆபீஸுக்குப் போன முயல்

எங்கள் ஊரில் ஃபேனே தேவையில்லை என்று பெங்களூர்க்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு கர்வம் உண்டு. அப்பாவுக்கு அது சற்றுக் கூடுதல். பிரேசர் டவுனில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏப்ரல் மதியத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "மெட்ராஸ்ல போய் இருந்து பாரு, தெரியும்" என்பார்.

நாங்கள் தாங்கினோம், முயல் தாங்கவில்லை. புசுபுசுவென்று ரோமம் மண்டிய வெள்ளை முயல். என் எட்டாவது பிறந்தநாளுக்குச் சித்தி வாங்கித் தந்தது. சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கி, ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தாள். சேர்ந்து நான்கு மாதம்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

கோடை லீவு விட்ட வாரம் முயல் சரிந்து விழுந்து வாயால் மூச்சு வாங்கியது. காது கொதித்தது. நான் என் பங்குக்கு ஒரு வாளித் தண்ணீரை அதன் தலையில் கவிழ்க்கப் போனேன். சித்தி வாளியைப் பிடுங்கிவிட்டு, ஈரத்துணியால் காதுகளை ஒற்றி ஒற்றி எடுத்தாள். மிருக டாக்டர் பார்த்துவிட்டு, பகல் முழுக்கக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொன்னார். தானாகச் சாப்பிட ஆரம்பித்தால் பிழைத்ததாம். ஈரச் சாக்கெல்லாம் கட்டிப் பார்த்தோம். அந்தக் கூரை எதற்கும் மசியவில்லை.

சித்திக்குத் தெரிந்த குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான்: அவள் ஆபீஸ் கம்ப்யூட்டர் அறை. அப்போதெல்லாம் ஏசி மனிதர்களுக்கு இல்லை, மெஷின்களுக்குத்தான். கோயில் மாதிரி செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மறுநாள் வெயில் ஏறுமுன் ஒயர் கூடையில் துண்டை விரித்து, முயலை வைத்து, மேலே ஒரு துணியை மூடிக்கொண்டு பஸ் ஏறினாள். மேஜைக்கடியில் கூடை. டைப் அடித்துக்கொண்டே கால்விரலால் தொட்டு, மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாளாம். இப்படி இரண்டு நாள் போனது. முயல் கண் விழித்தது, தண்ணீர் குடித்தது; கொத்தமல்லியை முகர்ந்துவிட்டுத் தள்ளிவிட்டது.

மூன்றாம் நாள் மதியமே சித்தி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடைமேல் ஈரத்துண்டு. படியேறும்போதே கத்தினாள்.

"அக்கா, சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு!"

"என்னடி சாப்பிட்டுச்சு?"

"கீபோர்டு ஒயரு."

அதுவும் மேனேஜர் கண்ணெதிரே. அவர் கன்னடத்தில் "ஏனம்மா இது?" என்று பதறியிருக்கிறார். மெஷின் சூடானால் ஆபீஸே ஓடி வருகிறோமே சார், இதுவும் சூட்டில்தான் சாகக் கிடந்தது என்று இவளும் கன்னடத்திலேயே சொன்னாளாம். இன்று எனக்கும் ஒரு மேனேஜர் இருக்கிறார். அவர் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்னுட்டாங்க" என்று சித்தி கொஞ்சம் தாழ்ந்த குரலில் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இனி பகலெல்லாம் சித்தி, முயல், நான்! கீழே இறங்கி ஓடி, வீடு வீடாக நின்று கூவினேன்: "எங்க சித்திக்கும் லீவு விட்டுட்டாங்க!"

அம்மா ஓடிவந்து முதுகில் ஓர் அறை வைத்து இழுத்துப் போனாள்.

"அதை எதுக்குக்கா அடிக்கிற? நெஜமாவே லீவுதானே" என்று சித்தி சிரித்துக்கொண்டே என்னை அணைத்துக்கொண்டாள். அடித்த அம்மா சுவரோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். லீவு விட்டதற்குப் போய் ஒருவர் ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.