தடித்த டயர் போட்ட றேசிங் சைக்கிள்

இணுவில் தோட்டப் பாதைகளில் தடித்த டயர் போட்ட பாரச் சைக்கிள் ஓடிப் பழகிய எனக்கு யாழ்ப்பாண நகரில் வேலை கிடைத்தது. பஸ்கள் குறைந்துபோன காலம். தார் றோட்டில் விரைவாகப் போகப் பழைய றேசிங் சைக்கிள் ஒன்றை வாங்கி, மெல்லிய டயர்களைக் கழற்றித் தடித்தவை போடுவித்தேன்.

"றேசிங் சைக்கிளுக்கு ஆரும் உப்பிடி டயர் போடுவினமே?" என்று கணவர் சிரித்தார்.

"றோட்டு முழுக்கத் தாராயே கிடக்கு?" என்றேன்.

மறுவாரம், எதிரே வந்த லொறி றோட்டிலிருந்த குழிக்கு விலகி என் பக்கம் பாய்ந்தது. சட்டென்று கல்லும் மணலுமான றோட்டோரத்தில் இறங்கினேன். சைக்கிள் ஆடியது, ஆனால் சறுக்கவில்லை. லொறி உரசாமல் போனது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கணவர் குனிந்து டயரை அமத்திப் பார்த்தார்.

"என்ரை சைக்கிளுக்கும் உந்த டயரே போடுவம்" என்றார்.

இப்போது அயலில் சைக்கிள் வாங்குபவர்கள் என்னையும் கூட்டிப் போகிறார்கள். சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையே தடித்த டயருக்கு இடமிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். நிறத்தை அவர்களே பார்க்கட்டும்.