அடியில் ஒரு சாண் மணல்

பரவைப் பக்கம் ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளாண்டில் நான் ஸ்டோர்ஸ் பார்த்தேன். சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட் எவ்வளவு இருக்கிறது, எது எப்போது தீரும் என்று சொல்வது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் சாஃப்ட்வேரைப் பற்றிக் கேட்பார்கள். நான், கல்லை உடைத்து எம்-சாண்ட் மணல் தரும் க்ரஷர்கள் ஸ்ட்ரைக் செய்த கதையைச் சொல்வேன்.

அப்போது எங்கள் யார்டு வெறும் கரிசல் தரை. மணலை மண்மேல்தான் கொட்டுவோம். லோடர் ஓட்டும் முத்துராஜ் அடியில் ஒரு சாண் விட்டுவிட்டுத்தான் அள்ளுவார். அது மண் கலந்த மணல், கான்கிரீட்டுக்கு ஆகாது. அதன் மேலேயே புது லோடு விழும் என்பதால் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. கம்ப்யூட்டர் மட்டும் அதையும் ஸ்டாக்கில் சேர்த்தே காட்டும்.

ஸ்ட்ரைக்கில் லோடு நின்றது. நல்ல மணல் தீர்ந்துவிட்டது. மறுநாள் காலை பசுமலையில் பாண்டியம்மா வீட்டுக்கு மேல்தளம் போட வேண்டும். ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்துக் கட்டுகிற வீடு. நல்ல நேரம் குறித்து, கம்பி கட்டி, கொத்தனார்களுக்குக் கறிச்சோறும் ஏற்பாடு செய்திருந்தார்.

முதலாளி கம்ப்யூட்டரைக் காட்டினார். "இம்புட்டு ஸ்டாக் காட்டுதே செல்வி, பெறகென்ன?"

"அது தரையோட கெடக்குறதுண்ணே. முச்சூடும் மண்ணு."

"ஒரு சாண்ல என்ன குடியா முழுகிரும்? அள்ளச் சொல்லு. சொன்ன நாள்ல போடலைன்னா நம்ம பேரு கெட்டுரும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த மணலைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அவர் மேஜையிலேயே வைத்தேன். மதியச் சாப்பாடு முடிந்து அவர் வந்தபோது மணலுக்கு மேல் சேறு கறுப்பாகப் படிந்திருந்தது.

"இதையவாண்ணே அந்தம்மா தலைக்கு மேல போடப் போறோம்?"

ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, நீயே போய்ச் சொல்லிரு" என்றார்.

ஜாடியை எடுத்துக்கொண்டு பசுமலைக்குப் போனேன். பாண்டியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கறிக்குச் சொல்லியாச்சு, சொந்தபந்தத்தைக் கூப்புட்டாச்சு. நாளைக்குத் தளத்த வச்சுக்கிட்டு இன்னைக்கு வந்து மணல் இல்லங்கிறீக! நாலு நாளைக்கு முன்னாடி தெரியாதா ஒங்களுக்கு?"

அவமானமாக இருந்தது. இல்லை என்பதை நாலு நாள் முன்னாடியே சொல்வதற்குத்தானே ஸ்டோர்ஸ் என்று ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள்? அன்றிலிருந்து, காலையில் கம்ப்யூட்டரைத் திறக்குமுன் யார்டை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன்.

ஸ்ட்ரைக் முடிந்து வந்த முதல் மணல் பாண்டியம்மா வீட்டுக்குப் போனது. அடுத்ததில் எங்கள் யார்டுக்கே தளம் போட்டோம். ஊருக்கெல்லாம் கான்கிரீட் போட்ட கம்பெனிக்கு அதுவரை அது தோன்றவில்லை.

தன் வீட்டுக்குத் தளம் போட்ட அன்று பாண்டியம்மா என்னையும் பந்தியில் உட்கார வைத்தார். இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"கல்லு மண்ணு இல்லாம அரிச்சுத்தான் ஒலையில போட்டேன். நம்பிச் சாப்புடு தாயி."