சௌல்தாரிக் குளத்தில் நான் விட்ட மீன்கள்

அறுபதுகளில் எனக்கு எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் வேலை. மெயின்லேண்ட் கப்பலில் ஒரு டின் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை வரவழைத்து, சௌல்தாரி கிராமத்தில் எங்கள் வீட்டுக் குளத்தில் விட்டேன். பிள்ளைகளுக்கு மீன் கிடைக்குமே என்ற ஆசைதான்.

இரண்டாம் வருடம், மழை பிடித்த ஒரு மாலையில் மனைவி சொன்னாள்: "ஏங்க, இவ்ளோ பாரிஷ் கொட்டுது, ஒரு தவளைகூடக் கத்தலையே."

குளத்துக்குப் போனோம். முன்பிருந்த தலைப்பிரட்டைகள், தும்பிகள், பொடிமீன்கள் எதுவும் இல்லை. நீரில் கை வைத்ததும் எண்ணற்ற வாய்கள் சத்தமில்லாமல் என் விரல்களை மொய்த்தன. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"நாளைக்கே தண்ணிய இறைச்சிடலாம்" என்றேன்.

"நாளைக்கா? அங்க பாருங்க."

கரை வழிந்து, குஞ்சுகள் ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தன. சாக்கால் அடைத்தும் நிற்கவில்லை.

அந்த ஓடை எங்கெல்லாம் போகிறதென்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது.