சிங்காசனப் பலகை

இத்தாலியில், பலேர்மோ நகரத்துக்குப் பக்கத்தில், பகேரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய முற்றம் இருக்கிறது. ஒரு காலத்தில் எலுமிச்சம்பழத்தைப் பெட்டியில் அடுக்கி அனுப்பிய இடம். அங்கேதான் ஐந்து நாள் நின்று எங்கள் பிள்ளையாரின் தேருக்கு நான் மரம் அரிந்தேன். அதுவரை பலேர்மோவில் எங்கள் பிள்ளையார் வீதி வந்தது சில்லுப் பூட்டிய ஓர் இரும்பு மேசையில். கோயில் தலைவருக்கு அது மானப் பிரச்சினை. தேர் வேண்டும் என்று அவர் கனவு கண்டார். அவர் ஒரு கனவு கண்டால் மிச்சப் பேரும் அதைக் கண்டே ஆக வேண்டும்.

அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பொலிதேயாமாப் பகுதியில் அலுவலகங்கள் துடைக்கும் வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டவர் அவர். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற நேரம் என்னோடு குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் வரிசையில் நின்றவரும் அவர்தான். அதை நான் மறைக்க மாட்டேன். ஒருவேளை அந்த நன்றிக்கடனை நம்பித்தான் அவ்வளவு துணிந்தாரோ தெரியாது.

மரம் வடக்கு மலைகளிலிருந்து லொறியில் வந்தது. ஸ்ப்ரூஸ். இங்கே அபேத்தே என்பார்கள். வண்டு துளைத்து, நின்ற நிலையிலேயே காய்ந்துபோன மரங்கள் என்பதால் மலிவாகக் கிடைத்தன. எட்டு மரக்குத்திகள், ஒவ்வொன்றையும் கட்டிப்பிடித்தால் என் இரண்டு கையும் சந்திக்காது. மரம் அரிகிற வாள் மெசினை ஒரு சிசிலிக் கிழவரிடம் தலைவர் வாங்கியிருந்தார். வாகனத்தின் பின்னால் கொளுவி எங்கேயும் இழுத்துப் போகலாம். நீளமாக இரண்டு இரும்புத் தண்டவாளம், அதன் மேல் ஓர் எஞ்சின், எஞ்சினோடு இரண்டு சில்லில் சுற்றுகிற பட்டி வாள். குத்தி கிடந்த இடத்தில் கிடக்கும், வாளைத்தான் கையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எஞ்சின் என்னைவிட வயது கூடியது. பத்துத் தரம் கயிற்றை இழுத்து, இரண்டு தூஷணமும் சொன்னால்தான் உயிர் வரும்.

வவுனியாவில் ஒரு மரக்காலையில் நாலு வருடம் வேலை செய்தவன் நான். கோயில் சனத்தில் வாள் பிடிக்கத் தெரிந்த வேறு ஆள் கிடையாது. குத்தி உருட்ட இரண்டு பெடியளைத் தந்தார்கள். கொக்கித்தடியாலும் இரும்பு அலவாங்காலும் அவர்கள் உருட்டி ஏற்றுவார்கள், நான் ஆப்பு வைத்து இறுக்குவேன். முதலில் நாலு பக்கமும் புறணியைச் சீவிச் சதுரமாக்க வேண்டும். பிறகு பலகை. இந்த மரத்தில் பிசின் கூட. வாளில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்காவிட்டால் பிசின் ஒட்டி, வாள் கோணலாக ஓடிவிடும். வெட்டின முகத்தில் சில இடம் நீலம் பாய்ந்திருக்கும். நீலம் இல்லாத, கணு குறைந்த குத்தி ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்தேன். அது பிள்ளையார் இருக்கும் சிங்காசனத்துக்கு.

தலைவர் போட்ட சட்டங்களும் இருந்தன. தேர் மரத்தைத் தொடுகிறவன் மச்சம் மாமிசம் தின்னக்கூடாது. விடியத் தலை தோய்ந்துவிட்டு வர வேண்டும். துடக்குக்காரன், அதாவது தீட்டுள்ளவன், முற்றத்துக்குள்ளேயே கால் வைக்கக்கூடாது. சாவு விழுந்தால் பிள்ளைகளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலும் இல்லை, நல்ல காரியமும் இல்லை. எனக்கு இதிலெல்லாம் பெரிய பிடிப்பில்லை. அவருக்கு அது உயிர். துடக்குக்காரன் தொட்ட செம்பைக்கூட மூன்று தரம் கழுவுகிற மனிதர்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தேர் ஆசாரிக்கு விசா நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை நல்ல நாள். அன்று பலகைகளுக்குப் பூசை செய்து ஆசாரி உளி வைக்க வேண்டும். வியாழன் பின்னேரத்துக்குள் எட்டுக் குத்தியும் அரிந்து முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த வருடம் தேர் இல்லை.

செவ்வாய்க்கிழமை என் போன் சட்டைப் பையிலிருந்து விழுந்தது. அதன் மேல் குத்தி ஏறிப் போனது. அம்மாவுக்கு அப்போது மூச்சு முட்டு, மாங்குளத்தில் அக்கா வீட்டில் படுத்திருந்தா. தலைவரின் போனை வாங்கி அக்காவோடு கதைத்தேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஏதும் அவசரம் எண்டால் இந்த நம்பருக்கு எடு அக்கா. அண்ணை பக்கத்திலைதான் நிப்பார்" என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் தலைவரே சாப்பாடு கொண்டுவந்தார். பல்லரோச் சந்தையில் வாங்கின பச்சைக் காய்கறியில் அவர் மனைவி நாலு கறி வைத்திருந்தா. பாயசமும் இருந்தது. தன் கையாலேயே எனக்கு ஊற்றினார்.

"வடிவாச் சாப்பிடு தம்பி. எல்லாம் உன்ரை கையிலைதான் கிடக்கு" என்றார்.

அடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டார். நான் ஏழாவது குத்தியைச் சதுரமாக்கிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை அளவில் அவர் போனை என் முகத்துக்கு நேரே பிடித்து வீடியோ எடுத்தார். "தம்பி, இஞ்சை பார்" என்றார். பார்த்தேன். சிரித்தும் வைத்தேன். பிறகு ஆசாரியை ஏற்றிவரப் பலேர்மோ ஸ்டேசனுக்குப் போனார், பெடியள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. போனை எந்த நேரமும் கையில் வைத்திருக்கிற மனிதர், அன்று அதைப் பலகை அடுக்கின் மேல் மறந்துவிட்டுப் போனார்.

மணி ஒன்றிருக்கும். வாள் மாற்றுவதற்காக எஞ்சினை நிறுத்தியிருந்தேன். போன் அடித்தது, வீடியோ அழைப்பு. திரையில் அக்காவின் படம். எடுத்தேன்.

"அழுது முடிச்சிட்டியோடா? ஏதும் சாப்பிட்டியோ?" என்றாள் அக்கா.

"நான் ஏன் அழவேணும்?"

அவள் திரைக்குக் கிட்ட வந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஆரோ கதிரைகளை அடுக்கினார்கள். ஒரு மனிசி முற்றத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தா. பிறகு அக்கா சொன்னாள்.

"நேற்று விடிய அம்மா போயிட்டா. இந்த நம்பருக்கு எடுத்து அவருக்கு உடனை சொன்னனாங்கள். நீ குழறி அழுகிறாயாம், முகம் பாக்க உன்னாலை ஏலாதாம், எங்களை அலுவலைப் பாக்கச் சொன்னியாம். அப்பிடித்தான் சொன்னவர். அப்பிடி இருந்தும் இண்டைக்கு மூண்டு மணி வரைக்கும் அம்மான்ரை முகத்தை மூடாமல் வைச்சிருந்தம். மனம் மாறி எடுப்பாய் எண்டு பாத்தம். நீ எடுக்கேல்லை. என்ரை மூத்தவன்தான் கொள்ளி வைச்சவன்."

தாய்க்குக் கொள்ளி வைக்கிற உரிமை கடைக்குட்டிக்கு. நான்தான் கடைக்குட்டி. பறந்து போயிருக்க முடியாது, அது தெரியும். ஆனால் இந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைக்குப் போனைப் பிடித்து முகத்தைக் காட்டாமல் எங்கள் ஊரில் பெட்டியை மூட மாட்டார்கள். அங்கே மூன்று மணி என்றால் இங்கே பதினொன்றரை. பதினொன்றரைக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அம்மாவின் முகம் வர வேண்டிய போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, இஞ்சை பார் என்றார். நான் சிரித்தேன். அம்மா செத்த அன்று அவர் ஊற்றின பாயசத்தை இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. எனக்கு இப்பதான் தெரியும்" என்றேன்.

அக்காவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அறுவான்" என்றாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அழுகிறவளிடம் ஒன்றை மட்டும் கேட்டேன். எனக்குத் தெரியும் என்று தலைவருக்குத் தெரியக்கூடாது.

அழைப்பு வந்த தடயத்தை அழித்துவிட்டுப் போனை இருந்த இடத்தில் வைத்தேன். அலவாங்கு கைக்கெட்டின தூரத்தில் கிடந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதைத் தூக்கினேன். மண்டையைப் பிளந்தால் நான் சிறைக்குப் போவேன், அவர் தேருக்கு உயிர் கொடுத்த புண்ணியவான் ஆகிவிடுவார். வைத்துவிட்டேன். ஊரைக் கூட்டிச் சொன்னால்? நாலு பேர் ஏசுவார்கள், அவர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார், ஐயர் பரிகாரம் ஒன்று சொல்வார், ஒரு தேங்காயோடு எல்லாம் முடிந்துவிடும். அவ்வளவு மலிவாக அவரை விட எனக்கு மனமில்லை. திரும்பிப் பார்த்தேன். ஒதுக்கி வைத்த அந்த ஒரு குத்தி மிச்சம் இருந்தது.

தலைவரும் பெடியளும் ஆசாரியோடு வந்தார்கள். "கண் ஏன் சிவந்து கிடக்கு?" என்று தலைவர் கேட்டார். மரத்தூள் என்றேன்.

அந்தக் குத்தியை அரிந்த மாதிரி என் வாழ்நாளில் நான் மரம் அரிந்ததில்லை. புது வாள் பூட்டினேன். நூல் பிடித்து, ஒரு மயிரளவும் விலகாமல் தள்ளினேன். விழுந்த பலகை ஒவ்வொன்றையும் உருட்டுகிற பெடியளைத் தொட விடாமல் நானே தூக்கினேன். நானே தூசு தட்டினேன். உள்ளங்கையால் நீளத்துக்கும் தடவினேன். தாய் செத்த துடக்குக் கை. தெரிந்துகொண்டே தடவினேன். பிள்ளையாரிடம் மட்டும் மனதுக்குள் சொன்னேன், உன்னோடு எனக்குக் கோபமில்லை, நீ பொறுத்துக்கொள் என்று. ஆசாரி ஒரு பலகையைத் தட்டிப் பார்த்து, சிங்காசனத்துக்கு இதைவிட நல்ல மரம் கிடையாது என்றார். தலைவர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

வெள்ளிக்கிழமை பூசை. கோயில் நிறையச் சனம். தலைவர் எனக்குச் சால்வை போர்த்தினார். எல்லாம் முடிந்த பிறகு என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போனார். குரலை உடைத்துக்கொண்டார்.

"தம்பி, மனதைத் திடப்படுத்திக்கொள். இப்பதான் ஊரிலை இருந்து கோல் வந்தது. அம்மா போயிட்டாவாம்."

நாக்கூசாமல் சொன்னார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்டுக்கும் யோசியாதை. துடக்கு, சாவைக் கேட்ட நேரத்திலை இருந்துதான். மரத்துக்கு ஒரு குறையும் இல்லை" என்றார்.

தாயை இழந்தவனுக்கு அவர் சொன்ன ஆறுதல் அது. ஓம் அண்ணை என்றேன்.

முப்பத்தொரு நாள் அறையும் வேலையுமாக இருந்தேன். பிறகு தேர் முடியும்வரை மாதக்கணக்கில் பொறுத்திருந்தேன். இடையில் கோபம் ஆறிவிடுமோ என்று எனக்கே பயம் வந்தது. அக்கா அனுப்பிய செத்தவீட்டு வீடியோவைத் திறப்பேன், பெட்டி வருகிற இடத்தில் நிறுத்திவிடுவேன். கோபம் ஆறவே இல்லை.

தேரன்று காலை. பிள்ளையார் சிங்காசனத்தில் ஏறிவிட்டார். முனிசிப்பாலிட்டியில் இருந்து வந்த பெரியவருக்கும் மாலை போட்டாயிற்று. தலைவர் பட்டு வேட்டியோடு வடத்தின் முதல் பிடியைப் பிடித்தார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் விட்டார், மரம் அரிந்தவன் என்ற மரியாதைக்கு. அவர் காதோடு குனிந்தேன்.

"அண்ணை, அம்மா செத்தது எனக்கு வியாழக்கிழமை ஒரு மணிக்கே தெரியும். அக்கா உங்கடை போனுக்கு எடுத்தவ. அதுக்குப் பிறகுதான் கடைசிக் குத்தியை அரிஞ்சனான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கித் தேரைப் பார்த்தார்.

"எது, சிங்காசனமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"தெரிஞ்சுகொண்டுதான். ஒவ்வொரு பலகையும் என்ரை கையாலைதான் தூக்கினது."

அவர் கை வடத்திலிருந்து நழுவியது. ஐயர் மேலே நின்று இழுக்கச் சொல்லிக் கையசைத்தார். சனம் அரோகரா என்றது.

"நிப்பாட்டவேணும்" என்றார். அவருடைய குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"நிப்பாட்டுங்கோ. ஏன் எண்டு சனம் கேக்கும். என்ன நடந்தது எண்டு நீங்களே சொல்லுங்கோ. மைக் அங்கை கிடக்கு."

மைக்கைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். அவர் மனைவி சாமி கும்பிட்டபடி நின்றா. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது, எனக்கு அது போதாமல் இருந்தது. பிறகு வடத்தைப் பிடித்து இழுத்தார். அவர் கன்னத்தால் கண்ணீர் ஓடியது. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

இதுவரை மூன்று தேர் முடிந்துவிட்டது. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வடத்தைத் தொட முன் ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் என் முகத்தைத் தேடுகிறார். தேடிக் கஷ்டப்பட வேண்டாம் என்று நான் முன்வரிசையிலேயே போய் நிற்கிறேன்.